கிணற்று அறிக்கையை எந்த வடிவில் எழுதுவது?

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி வரை கடலோரமாக இருக்கும் கிணறுகளில் நாற்பது வரையானவற்றை எங்கள் சிறிய குழு வருடத்துக்கு இரண்டு தடவை அளக்கிறது. மாரி மழை தொடங்குமுன் செப்டெம்பரில் ஒரு தடவை, மழை ஓய்ந்த பிறகு பெப்ரவரியில் ஒரு தடவை. இந்த மணல் நிலத்தின் கீழே நன்னீர் ஒரு வில்லை போல உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்கிற மழை அந்த வில்லையைத் தடிப்பாக்கும். கோடையில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் விடுதிக்கும் இறைக்க இறைக்க அது மெலியும். நீர்மட்டம், மின்கடத்துதிறன் (நீரின் உவரைக் காட்டுவது), நைத்திரேற்று (உரத்தால் கூடுவது) என்று சில அளவுகளை எடுத்து, எழுதி, வேண்டியவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வேலை.

அளப்பதில் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு வந்ததில்லை. எழுதிக் கொடுப்பதில்தான் ஒவ்வொரு முறையும் இழுபறி. சென்ற வருட அறிக்கை 62 பக்கம். அதைக் கையில் வாங்கிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் ஐந்து நிமிடம் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "சேர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஒரு கிணறு இருக்கெல்லோ, அந்தத் தண்ணியக் கைக்குழந்தைக்குக் குடுக்கலாமோ? அது இதில எந்தப் பக்கத்தில கிடக்கு?" விடை 41ஆம் பக்கத்து அட்டவணையில் இருந்தது. எழுதிய எனக்கே அதைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த அறிக்கை இருந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

அதனால் இந்த முறை ஒரு வரி எழுதுமுன்னரே வடிவத்தைத் தீர்மானித்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். எங்களிடம் இருந்த தெரிவுகளையும், ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தோம் அல்லது விட்டோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். கந்தளாயில் குளத்தைப் பார்க்கிறவர்களுக்கும், மீன்பிடியை அளக்கிறவர்களுக்கும், பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கும் இதே தலையிடி இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாசகர் எங்கே தொடங்குகிறார்

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்பவர் அநேகமாக அதை எழுதியவர் மட்டும்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் மேலாளர்கள் தங்களுக்கு வரும் தொழில்நுட்ப அறிக்கைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். சுருக்கத்தை எல்லோரும் படித்தார்கள். அறிமுகத்தையும் முடிவுரையையும் அரைவாசிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நடு உடலையும் பின்னிணைப்பையும் தொட்டவர்கள் மிகக் குறைவு. 1980களில் நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தினர் பொறியியலாளர்களிடமும் விஞ்ஞானிகளிடமும் அறிக்கை வடிவம் பற்றி விரிவாகக் கேட்டபோதும் இதே பழக்கம்தான் தெரிந்தது. ஓர் அறிக்கையைப் படிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க அவர்கள் புரட்டியது சுருக்கம், முடிவுரை, தலைப்புப் பக்கம், அறிமுகம் போன்ற பகுதிகளை.

எங்கள் அனுபவமும் அப்படியே. நீர்வழங்கலில் இருக்கும் பொறியியலாளர் ஓர் எண்ணைத் தேடி வருகிறார், அந்த எண் எந்த நிபந்தனையில் எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்கிறார், போய்விடுகிறார். வளாகத்து விரிவுரையாளர் நேரே உருக்களுக்குப் போவார், அப்புறம் அளவீட்டு முறைக்கு. "உந்த மாதிரிய எத்தனை மணித்தியாலத்துக்குள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனீங்கள்?" என்று கேட்பது அவர்தான். பரிசோதகருக்கு வேண்டியது ஒரு கிணறு, ஒரு விடை. மூவரும் நேர்மையான வாசகர்கள். மூவரும் வேறு வேறு வாசலால் உள்ளே வருகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு தெரிவையும் நாங்கள் ஒரே கேள்வியால் அளந்தோம்: எண்ணைத் தேடி வருகிறவர் அதை விரைவாகக் கண்டுபிடித்து, பிழையில்லாமல் எடுத்துக்கொண்டு போக முடிகிறதா?

முடிவு முன்னாலா பின்னாலா

இதுவரை நாங்கள் எழுதியது கால வரிசையில். போனோம், மாதிரி எடுத்தோம், மழை பெய்தது, மீண்டும் போனோம், ஆய்வுகூடத்தில் கொடுத்தோம், முடிவு வந்தது. எழுதுவதற்கு இதுபோல் இலகுவான வடிவம் வேறில்லை, ஏனென்றால் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே இறக்கலாம். ஆனால் வேலை நடந்த வரிசை எங்களுக்கு முக்கியம், வாசகருக்கு அல்ல. இதை முதலில் கைவிட்டோம்.

இரண்டாவது, ஆய்விதழ்கள் பின்பற்றும் வடிவம்: அறிமுகம், முறை, முடிவுகள், கலந்துரையாடல். இது இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல எல்லா அறிவியல் துறைகளுக்கும் பரவி, 1970களில் அமெரிக்காவில் தேசிய நியமமாகவே எழுதப்பட்டது. இதன் பெரிய பலம், எது எங்கே இருக்கும் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரிவது. முறையைச் சந்தேகிப்பவர் இரண்டாம் பகுதிக்குப் போவார். எண்ணைத் தேடுபவர் மூன்றாம் பகுதிக்குப் போவார். பலவீனம், செயலுக்கு வேண்டிய வசனம் கடைசியில் போய்க் கிடப்பது.

மூன்றாவது, முடிவை முன்னால் வைப்பது. முதல் பக்கத்திலேயே "இந்த ஏழு கிணறுகளின் நீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் பிறகு காரணங்களுக்குப் போவது. கொழும்பிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) நேரமில்லாமல் இருப்பவர்களுக்கு இது நல்லது. எங்கள் குழுவில் இருக்கும் விரிவுரையாளர் அண்ணா இதை விரும்பவில்லை. அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். "முடிவ முதலே சொன்னா ஆதாரத்தப் பாக்காமலே நம்பிப் போயிடுவினம். எங்கட அளவீட்டில பிழை இருந்தா ஆர் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

இரண்டு நாள் இதிலேயே போனது. கடைசியில் எடுத்த முடிவு: ஒரே ஒரு பக்கம், முடிவுக்கு. அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ஆதாரம் இருக்கும் அட்டவணையின் எண்ணும் பக்க எண்ணும். அதற்குப் பிறகு ஆய்விதழ் வரிசை, மாற்றமில்லாமல். வசனத்தை நம்பாதவர் உடனே ஆதாரத்துக்குப் போகலாம். ஆதாரமில்லாத வசனம் எங்களால் எழுத முடியாது, ஏனென்றால் பக்க எண் போட இடம் காலியாக நிற்கும். அண்ணா ஒத்துக்கொண்டதும் இதனால்தான்.

எத்தனை பக்கம் என்பதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். முதல் பக்கம் உண்மையாகவே ஒரு பக்கம். எழுத்தைச் சிறிதாக்கி ஒரு பக்கத்துக்குள் அடைக்கக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் அந்த நாளைப் பற்றிப் பேசுவார்கள். நீரைப் பற்றி எழுதும்போது முக்கியமான வரி எங்கே இருக்க வேண்டும் என்பது எனக்கு அலங்காரப் பிரச்சினையாகப் படாததற்கு அந்தப் பேச்சுக்களும் ஒரு காரணம்.

பவர்பொயிண்ட் போதாதா

போதும் என்று சொன்னவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். பதினைந்து சிலைட், பெரிய எழுத்து, வண்ணப் படம், கூட்டத்தில் காட்டிவிட்டு அதையே வட்ஸ்அப்பில் அனுப்பலாம். எழுதுகிற நேரம் கால்வாசி.

இதற்கு எதிராக நான் சொன்ன உதாரணம் கொலம்பியா விண்ணோடம். 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்டபோது வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே பொறியியலாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து சிலைட்டுகளில் அறிக்கை கொடுத்தார்கள். அவற்றில் ஒன்றின் அடியில், தலைப்புக்கும் உபதலைப்புகளுக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. மோதிய துண்டின் கனவளவு மதிப்பீடு 1920 கன அங்குலம். முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. கையிலிருந்த சோதனைத் தரவு இந்த மோதலுக்குப் பொருந்தாது என்று சொன்ன எண் அது. மேலே இருந்த பெரிய எழுத்துத் தலைப்போ வாசிப்பவருக்கு நம்பிக்கை தருவதாக இருந்தது. பெப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் கொலம்பியா சிதைந்து ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைச் சபை தன் அறிக்கையில், தொழில்நுட்ப ஆவணங்களுக்குப் பதிலாக பவர்பொயிண்ட் சிலைட்டுகளைப் பரவலாகப் பயன்படுத்துவதை நாசாவின் தொடர்பாடல் குறைகளில் ஒன்றாகவே எழுதியது.

எங்கள் கிணறுகளை விண்ணோடத்தோடு ஒப்பிடவில்லை. ஆனால் சிலைட்டின் தன்மை எங்கேயும் ஒன்றுதான். அது முழு வசனத்தை விரும்பாது. "செப்டெம்பரில் அளந்தபோது வரம்பைத் தாண்டியது, பெப்ரவரியில் தாண்டவில்லை, ஆனால் பெப்ரவரி மாதிரி ஒரு நாள் தாமதமாகவே ஆய்வுகூடத்துக்குப் போனது" என்பதை ஒரு புள்ளியிட்ட வரியில் எழுதச் சொன்னால் "ஆனால்" என்ற சொல்தான் முதலில் விழும். அந்த "ஆனால்" போனால் விஞ்ஞானமும் கூடப் போய்விடுகிறது. கூட்டத்தில் பேசும்போது காட்ட ஐந்து சிலைட் செய்வோம். அறிக்கையின் இடத்தில் அதை வைக்க மாட்டோம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

ஒரு நிரலா இரண்டு நிரலா

மின், இலத்திரனியல் பொறியியல் பக்கத்து ஆய்விதழ்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு நிரல் பக்கம் கண்ணுக்குப் பிடித்திருக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. அச்சுக்கலை தெரிந்தவர்கள் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை இருந்தால் கண் சிரமமில்லாமல் அடுத்த வரிக்குத் தாவும் என்பார்கள். ஏ4 தாளில் இரு பக்கமும் இரண்டரை சென்ரிமீற்றர் ஓரம் விட்டால் மிச்சம் 16 சென்ரிமீற்றர். அதில் 11 புள்ளி அளவில் ஆங்கிலம் அடித்தால் வரிக்கு 90 எழுத்து வரை போய்விடும், நீளம்தான். இரண்டாகப் பிரித்தால் அளவாக வரும், தாளும் மிச்சம்.

அறிக்கையின் தமிழ்த் தாளில் கணக்கு மாறுகிறது. நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. "அளவிடப்பட்டிருந்தமையால்" போல ஒரு சொல் ஏழரை சென்ரிமீற்றர் நிரலில் பாதி வரியை எடுத்துக்கொள்கிறது. எங்கள் கணினிகளில் வேர்ட் தமிழ்ச் சொல்லை வரி முடிவில் தானாகப் பிரிப்பதில்லை. இரு ஓரமும் சமமாக்கினால் சொற்களுக்கிடையே பல் விழுந்தது போல் இடைவெளி. சமமாக்காமல் விட்டால் வலது ஓரம் படிக்கட்டு. ஒரு நிரலில், 12 புள்ளியில், தமிழ் வரி தானாகவே அளவான நீளத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்று, அட்டவணை. நாற்பது கிணறு, எட்டு அளவீடு, இரண்டு பருவம் என்றால் அகலமான அட்டவணைதான் வரும். இரண்டு நிரல் பக்கத்தில் அது ஒன்று நசுங்கும், இல்லாவிட்டால் இரண்டு நிரலையும் வெட்டிக்கொண்டு நடுவில் நிற்கும். மூன்றாவது, தொலைபேசி. எங்கள் அறிக்கையைப் பெற்றவர்களில் பாதிப்பேர் முதலில் திறப்பது தொலைபேசியில். இரண்டு நிரல் பக்கத்தை அதில் படிக்க, கீழே வரை இறங்கி மறுபடி மேலே ஏறி அடுத்த நிரலைப் பிடிக்க வேண்டும். வெயிலில் கிணற்றடியில் நின்று பார்க்கிறவருக்கு அது பெரிய தொல்லை. ஒரு நிரலைத் தெரிவு செய்தோம். வலது ஓரத்தைச் சமமாக்கவில்லை.

உருக்கள் எங்கே, எந்த நிறத்தில்

உருக்களையும் அட்டவணைகளையும் கடைசியில் மொத்தமாகச் சேர்ப்பது தட்டச்சுக் காலத்து வழக்கம். தட்டச்சு இயந்திரத்தில் படம் வராது, ஆகவே வரைந்த தாளைத் தனியாகப் பின்னால் இணைத்தார்கள். இன்றைக்கு அதற்குத் தேவையில்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை. நான் கேட்ட பொறியியலாளர்கள் எல்லோருமே படம் பேச்சு நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். நடுவில் விரலை வைத்துக்கொண்டு பின்னால் புரட்டிப் பார்ப்பதை யாரும் விரும்பவில்லை. ஒரேயொரு விதிவிலக்கு முழுத் தரவு அட்டவணை. அது பின்னிணைப்பில் இருக்கட்டும், வரிசை மாறாமல்.

நிறத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். முன்பு ஒரு தடவை வரைபடத்தில் பாதுகாப்பான கிணறுகளைப் பச்சைப் புள்ளியாலும் வரம்பைத் தாண்டியவற்றைச் சிவப்புப் புள்ளியாலும் காட்டினோம். கணினித் திரையில் அழகாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டோப்பிரதி எடுத்துப் பகிர்ந்தார்கள். இரண்டு நிறமும் ஒரே சாம்பல். எந்தக் கிணறு நல்லது, எது கெட்டது என்று அந்தத் தாளில் யாருக்கும் தெரியவில்லை. பிரதி எடுத்தவர் மேல் குற்றமில்லை. இங்கே எல்லாத் தாளும் கடைசியில் போட்டோப்பிரதியாகத்தான் ஊருக்குள் போகிறது. சிவப்பு பச்சையைப் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது திரையிலேயே தெரிந்திராது. இப்போது நல்ல கிணற்றுக்கு வெறும் வட்டம், கெட்டதற்கு நிரப்பிய முக்கோணம். நிறம் வேண்டுமானால் அதற்கு மேல் சேர்க்கலாம்.

அட்டவணையா வரைபா என்று கேட்டால் இரண்டுக்கும் வேலை வேறு. ஒரு கிணற்றின் எண் வேண்டுபவருக்கு அட்டவணை. கடலிலிருந்து தூரம் கூடக் கூட உவர் எப்படிக் குறைகிறது என்று பார்ப்பவருக்கு வரைபு. ஒரே தரவை இரண்டிலும் போட்டுப் பக்கத்தை நிரப்புவதை விட்டுவிட்டோம். அட்டவணையில் கிணறுகளை இலக்க வரிசையில் போடுவதா, மோசமானது மேலே வரும்படி போடுவதா என்று ஒரு கேள்வி வந்தது. முதல் பக்கத்தில் மோசமானது மேலே. பின்னிணைப்பில் ஊர் வாரியாக இலக்க வரிசை.

அலகு

நான் அதிகம் அக்கறைப்படும் விடயம் இது. பக்க அமைப்பு அழகில்லாவிட்டால் வாசகர் சலித்துக்கொள்வார். அலகு தெளிவில்லாவிட்டால் தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு ஆபத்து.

நைத்திரேற்றை எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். இது நைத்திரேற்று அயனாகக் கணக்கிட்டது. அதே நீரின் அதே அளவை நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டு வழக்கமும் உலகில் உண்டு. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம், கருவிக்குக் கருவி மாறும். ஒரு தாளில் "நைத்திரேற்று 20" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வரம்புக்குள் இருக்கும் நல்ல நீராகவும் இருக்கலாம், வரம்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அளவுள்ள நீராகவும் இருக்கலாம். பல வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கிடைத்த ஒரு பழைய தரவுத்தாள் இப்படித்தான் இருந்தது. எதைக் குறிக்கிறது என்று சொல்ல அதை எடுத்தவர்கள் யாரும் இல்லை. அந்த வருடத்து எண்களை எங்களால் பயன்படுத்தவே முடியவில்லை. அதிக நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதைக் குழப்பி உடலை நீலமாக்கும். மணல் நிலத்தில் உரம் போட்டு வெங்காயம் செய்கிற தோட்டங்களுக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருக்கும் ஊரில் இந்தக் கவனயீனத்துக்கு இடமில்லை.

இரண்டு வழக்கத்துக்கும் இடையிலுள்ள பெருக்கம் 4.43. இதைக் கணக்குப் போட்டபோது எனக்கு இன்னோர் எண் நினைவுக்கு வந்தது. 1999 செப்டெம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய் காலநிலைச் சுற்றுகலம் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. ஒரு தரப்பு மென்பொருள் உந்துதலை இறாத்தல் விசையில் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பெருக்கம் 4.45. கிட்டத்தட்ட அதே அளவான தவறு எங்கள் கிணற்று அட்டவணையிலும் ஒரு சொல் விடுபட்டதால் புக முடியும்.

இதற்கு மூன்று வழி யோசித்தோம். அறிக்கையின் தொடக்கத்தில் குறியீடுகள், அலகுகள் என்று ஒரு பட்டியல் போடுவது ஒன்று. பொறியியல் அறிக்கைகளில் இது பழைய நல்ல வழக்கம், சூத்திரங்கள் நிறைய இருந்தால் அவசியமும் கூட. ஆனால் எங்கள் அட்டவணைப் பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பட்டியல் கூட வராது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு எழுதுவது இரண்டாவது. அட்டவணை நெரிந்து வாசிக்க முடியாமல் போகும். மூன்றாவது, ஒவ்வொரு அட்டவணையின் ஒவ்வொரு நிரல் தலைப்பிலும் முழு அலகையும் எழுதுவது: "நைத்திரேற்று, அயனாக, மில்லிகிராம் / லீற்றர்". மூன்றாவதை எடுத்தோம், அது எத்தனை பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தாலும் சரி. அதன் கீழே வரம்பையும் ஒரு வரியாகப் போடுகிறோம். எண்ணும் வரம்பும் ஒரே பார்வைக்குள் வர வேண்டும்.

மின்கடத்துதிறனிலும் இதே பொறி உண்டு. மைக்ரோசீமன், மில்லிசீமன் இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், கருவி உவர் கூடினால் தானாகவே ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிடும். கரைந்த திண்மத்தைக் கருவி காட்டினால் அது மின்கடத்துதிறனை 0.5ஆல் பெருக்கியதா, 0.7ஆல் பெருக்கியதா என்று பார்க்க வேண்டும். ஆகவே அளந்ததை மட்டுமே எழுதுகிறோம், கருவி பெருக்கிக் காட்டியதை எழுதுவதில்லை. கிணற்றின் ஆள்கூறும் அப்படித்தான்: தொலைபேசி காட்டுகிற அகலாங்கு நெட்டாங்கா, இலங்கை வரைபடத்தின் பழைய கட்டமா, புதிய கட்டமா என்று தலைப்பில் எழுதாவிட்டால் அடுத்த வருடம் வருகிறவர் வேறு வளவில் போய் நிற்பார்.

உசாத்துணைக்கு எண் போடுவதா, ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடுவதா என்பதில் நாங்கள் அதிகம் மினக்கெடவில்லை. பொறியியல் பக்கத்தவர்கள் சதுர அடைப்புக்குள் எண்ணை விரும்புவார்கள், வரி தடங்காது. விஞ்ஞானிகள் பலர் ஆண்டைப் பார்த்தவுடன் எவ்வளவு பழைய தரவு என்று அறிய விரும்புவார்கள். எங்களுக்குப் பதினைந்து உசாத்துணைதான், பெயரும் ஆண்டும் போட்டோம். பகுதிகளுக்கு 1, 1.1, 1.2 என்று எண், மூன்றாம் படிக்கு மேல் போகாது. "3.2ஐப் பாருங்கோ" என்று தொலைபேசியில் சொல்ல முடிவது பெரிய வசதி.

மொழியும் எழுத்துருவும்

திருகோணமலையில் ஓர் அறிக்கை மூன்று மொழி வாசகர்களிடம் போகிறது. ஒரே பக்கத்தை மூன்றாகப் பிரித்துத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று பக்கத்துப் பக்கமாக அடிக்கலாம். அரச அறிவித்தல்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்க அறிவித்தலுக்கு அது சரி. ஐம்பது பக்கத்துக்கு மூன்று நிரல் என்றால் எந்த மொழிக்காரரும் முழுதாகப் படிக்க மாட்டார். மூன்று தனிப் புத்தகம் என்றால் மொழிபெயர்ப்புச் செலவு எங்களால் தாங்க முடியாது. அதைவிட, திருத்தம் ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. நாங்கள் எடுத்தது: முதல் பக்கம் மூன்று மொழியிலும் தனித்தனித் தாளாக. உடல் ஆங்கிலத்தில். அட்டவணை ஒரே ஒன்று, நிரல் தலைப்பு மட்டும் மூன்று மொழியில். எண்ணை மொழிபெயர்க்கத் தேவையில்லை, ஆகவே அது ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். தமிழ்த் தாளில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் சொற்களையே வைத்தோம். நைத்திரேற்று என்றால் நைத்திரேற்று. ஒரு பக்கத்தில் அதையும் மறுபக்கத்தில் நைட்ரேட் என்றும் எழுதினால் இரண்டு வேறு பொருள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்துருவில் இரண்டு தெரிவு. நகரத்துத் தட்டச்சுக் கடைகளில் இன்னும் பாமினி ஓடுகிறது, வேகமாக அடித்துத் தருவார்கள், அச்சில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டது போன்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். தேட முடியாது. முன்பு எங்கள் தமிழ்த் தாளை அப்படித்தான் கொழும்பில் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு கோப்பு பழுதாகிவிட்டது என்று எழுதினார். இனி எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் யுனிகோட் மட்டும்.

யுனிகோட் என்றாலும் வேலை முடியவில்லை. பிடிஎஃப் ஆக்கும்போது சில மென்பொருள்கள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்துவிடும். அதிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முன்னால் போய் "நிலாெவளி" என்று வந்து நிற்கும். நிலாவெளி என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆகவே எங்கள் கடைசிச் சோதனை இதுதான்: பிடிஎஃப்பைத் திறந்து நிலாவெளி என்று தேடு. கிடைத்தால் அனுப்பு.

வேர்டா லேடெக்ஸா (கட்டளைகளை எழுதி ஆவணத்தை அடுக்கும் மென்பொருள்) என்பது விரிவுரையாளர் அண்ணாவுக்கும் எனக்கும் பழைய வழக்கு. சூத்திரமும் குறுக்குச் சுட்டும் நிறைய உள்ள ஆய்வுக்கு லேடெக்ஸ் போல் நம்பிக்கையானது இல்லை. உரு எண் மாறினால் எல்லா இடத்திலும் தானாக மாறும். அதன் சீலேடெக் என்ற வடிவம் கொண்டு யுனிகோட் தமிழும் நன்றாக வரும். ஆனால் எங்கள் ஐந்து பேரில் மூவருக்கு அது தெரியாது. திருத்தம் சொல்ல முடியாத கோப்பில் பிழை அப்படியே தங்கிவிடும். வேர்டில், தலைப்புகளுக்கு அதன் பாணிகளையும் உருக்களுக்கு அதன் தானியங்கு எண்ணையும் ஒழுங்காகப் பயன்படுத்துவது என்ற நிபந்தனையோடு, எழுதுகிறோம். இருவர் மட்டும் எழுதும் குழு என்றால் நான் லேடெக்ஸைத்தான் சொல்லியிருப்பேன்.

பெப்ரவரி அளவீட்டின் அறிக்கை இந்த வடிவத்தில் தயாராகிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு 34 பக்கம். முதல் பிரதியை அந்தப் பரிசோதகரிடமே கொண்டுபோய்க் கொடுத்து, பள்ளிக்கூடக் கிணற்றைத் தேடச் சொல்லப் போகிறோம். அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் முதல் பக்கத்தை மறுபடி எழுதுவோம்.